விசில் இல்லாத பந்தயம்

“நீ இப்ப என்ன கலர்?”

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், சுங்கைப்பட்டாணி பக்கம் கணினி படிக்கும் பிள்ளைகள் சிலர் இப்படித்தான் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்கிறார்கள். கோட்ஃபோர்சஸ் என்ற இணையப் போட்டித் தளத்தில் ஒருவருடைய தரப்புள்ளி ஏற ஏற அவர் பெயரின் நிறம் மாறும். 1200-க்குக் கீழே சாம்பல். 1200 தொட்டால் பச்சை, 1400-ல் வெளிர்நீலம், 1600-ல் நீலம், 1900-ல் ஊதா, 2100-ல் ஆரஞ்சு, 2400-ல் சிவப்பு. அந்தத் தளத்தின் போட்டிகள் பெரும்பாலும் மாஸ்கோ நேரப்படி மாலை 5.35-க்குத் தொடங்கும். நமக்கு அப்போது இரவு 10.35. இரண்டு மணி நேரம் போட்டி போட்டு எழுந்தால் நள்ளிரவு தாண்டியிருக்கும், விடிந்தால் பள்ளிக்கூடம். பையன் ராத்திரியெல்லாம் ‘கேம்’ விளையாடுகிறான் என்று வீட்டில் திட்டு விழுவதில் வியப்பில்லை.

திட்டுகிற அம்மா சொல்வதில் பாதி சரி. அது ஆட்டம்தான். ஆனால் அதில் துப்பாக்கியும் இல்லை, பந்தும் இல்லை. ஒரு கணக்கு கொடுப்பார்கள். அதைத் தீர்க்கும் நிரலை (கணினிக்கான கட்டளைத் தொகுப்பை) எழுதி அனுப்ப வேண்டும். தளத்தில் இருக்கும் தீர்ப்பு நிரல் அதைப் பல சோதனைகளுக்கு உட்படுத்தி, சரியா தவறா என்று அப்போதே சொல்லிவிடும். யார் அதிகம் தீர்த்தார், யார் சீக்கிரம் தீர்த்தார் என்று பட்டியல் ஓடிக்கொண்டே இருக்கும்.

நிரல் எழுதுகிறவர்களுக்குப் போட்டி மனம் பிறவிக்குணம் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் அதை ஏற்கவில்லை. எந்தத் தொழிலிலும் செய்ததைத் துல்லியமாக அளந்து, அந்த அளவை எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி எழுதிப் போட்டால் பந்தயம் தானாகத் தொடங்கிவிடும். விளையாட்டின் பெருமை, அந்தப் பந்தயத்துக்கு அது போட்டுத் தந்த எல்லைகளில் இருக்கிறது: கோடு, கடிகாரம், நடுவர், முடிந்தது என்று ஊதும் விசில். நிரல் போட்டிகள் அளவோடு சேர்த்து இந்த எல்லைகளையும் விளையாட்டிடமிருந்து எடுத்துக்கொண்டன. வேலையிடங்களோ அளவை மட்டும் எடுத்துக்கொண்டு விசிலை விட்டுவிட்டன. நிரலாளர்களின் போட்டியைப் பற்றி நடக்கும் பல வாதங்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் குழம்பிப்போகின்றன.

மூன்று பேருக்கு ஒரு கணினி

பல்கலைக்கழக மாணவர்களுக்கான அனைத்துலக நிரல் போட்டிக்கு ஐசிபிசி என்று பெயர். 1970-ல் அமெரிக்காவின் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு போட்டியில் அதன் வேர் இருக்கிறது. இறுதிச்சுற்று 1977-லிருந்து நடக்கிறது. விதிகள் எளிமையானவை. அணிக்கு மூன்று பேர். போட்டி ஐந்து மணி நேரம். கணக்குகள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். மூவருக்கும் சேர்த்துக் கணினி ஒன்றே ஒன்று. ஒரு கணக்கைத் தீர்த்ததும் அந்த அணியின் மேசையில் ஒரு பலூன் கட்டுவார்கள். ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு நிறம். தவறான நிரலை அனுப்பிவிட்டுப் பிறகு அதே கணக்கைத் தீர்த்தால், ஒவ்வொரு தவறுக்கும் 20 நிமிடம் அணியின் நேரத்தில் ஏறும். கடைசி ஒரு மணி நேரம் பொதுப் புள்ளிப் பலகை உறைந்து நிற்கும். தான் தீர்த்தது அணிக்குத் தெரியும். மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பது முடிவு அறிவிக்கும்வரை தெரியாது.

இந்த விதிகளில் ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மூவருக்கு ஒரே கணினி என்றதும் விசைப்பலகையின் முன்னால் இருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை வந்துவிடுகிறது. ஒருவர் தட்டச்சு செய்யும்போது மற்ற இருவரும் காகிதத்தில் யோசிக்கிறார்கள். நிரல் தவறாகிவிட்டால் திரையின் முன் உட்கார்ந்து நேரத்தைத் தின்ன முடியாது. அச்செடுத்து எடுத்துக்கொண்டு எழுந்து, காகிதத்தில் பிழையைத் தேடிக்கொண்டே அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். யாருடைய கணக்கு முதலில், யாருடைய யோசனை முதிர்ந்துவிட்டது, எதைக் கைவிடுவது என்று நொடிக்கு நொடி முடிவெடுக்க வேண்டும். தனித்தனியாகப் பலசாலிகளான மூவர் இந்த ஆட்டத்தில் தடுமாறுவதும், ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்த நடுத்தரமான மூவர் முந்துவதும் உண்டு. காற்பந்து அணி நடத்தியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பள்ளி மாணவர்களுக்கான அனைத்துலகத் தகவலியல் ஒலிம்பியாட் வேறு மாதிரி. 1989-ல் பல்கேரியாவின் பிராவெட்ஸ் நகரில் தொடங்கியது. நாட்டுக்கு நான்கு பேர் வரை போகலாம், ஆனால் ஒவ்வொருவரும் தனியாகத்தான் போட்டியிட வேண்டும். இரண்டு நாள், நாளுக்கு ஐந்து மணி நேரம். பங்கேற்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பதக்கம். தங்கம், வெள்ளி, வெண்கலம் ஒன்றுக்கு இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில். மலேசியாவும் அணி அனுப்புகிறது. பெலாருஸ் நாட்டு ஜெனடி கொரோட்கெவிச் 2006-ல், 11 வயதில் அங்கே வெள்ளி வாங்கினார். 2007 முதல் 2012 வரை ஆறு ஆண்டும் தங்கம். கோட்ஃபோர்சஸ் தளத்தில் 4000 புள்ளியை முதலில் தாண்டியவரும் அவரே.

அந்தப் புள்ளிக் கணக்கு வந்த வழியும் விளையாட்டு வழிதான். ஹங்கேரியில் பிறந்த அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் ஆர்ப்பாட் ஈலோ, சதுரங்க வீரர்களின் பலத்தை எண்ணில் சொல்ல ஒரு முறை வகுத்தார். அனைத்துலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970-ல் அதை ஏற்றுக்கொண்டது. இருவருக்கு இடையே 400 புள்ளி வித்தியாசம் என்றால், மேலே இருப்பவர் வெல்ல பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வாய்ப்பு. எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடினால் புள்ளி ஏறும், மோசமாக ஆடினால் இறங்கும். நிரல் தளங்கள் அதே கணிதத்தை ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஓடும் பந்தயத்துக்கு ஏற்ற மாதிரி விரித்துக்கொண்டன. சதுரங்கத்தையே ஒலிம்பிக் குழு 1999-ல் விளையாட்டாக அங்கீகரித்துவிட்டது. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் அதற்குப் பதக்கமும் இருந்தது. உடம்பு வியர்த்தால்தான் விளையாட்டு என்ற வாதத்துக்கு இனி அதிக நேரம் கொடுக்கத் தேவையில்லை.

கணக்கு என்றால் எப்படிப்பட்ட கணக்கு?

வெளியே இருப்பவர்களுக்கு இது புரியாததால்தான் மற்றதும் புரிவதில்லை. ஆகவே ஓர் எளிய கணக்கு.

ஒரு ரப்பர் தோட்டத்தில் 2,00,000 நாளுக்கான ரப்பர்ப் பால் எடைக் கணக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். (எந்தத் தோட்டமும் அத்தனை காலம் இருந்ததில்லை, போட்டிக் கணக்குகளில் எண்கள் இப்படித்தான் வரும்.) அடுத்து 2,00,000 கேள்விகள். ஒவ்வொன்றும் ஒரே மாதிரி: இந்த நாளிலிருந்து அந்த நாள் வரை மொத்தம் எவ்வளவு பால்? பதில் சொல்ல உங்கள் நிரலுக்கு இரண்டு விநாடிதான் நேரம்.

நேரடியாக யோசிப்பவர், கேட்ட நாள்களை ஒவ்வொன்றாகக் கூட்டுவார். ஒரு கேள்விக்கு 2,00,000 கூட்டல் வரை போகலாம். 2,00,000 கேள்விக்கும் சேர்த்தால் 4,000 கோடி கூட்டல். சாதாரணக் கணினி விநாடிக்குப் பத்துக் கோடி எளிய வேலை செய்யும் என்று போட்டியாளர்கள் தோராயமாக வைத்துக்கொள்வார்கள். அப்படியானால் 400 விநாடி வேண்டும். நிரல் சொல்லும் விடை சரியாகவே இருந்தாலும் நேரம் போதாது என்று தீர்ப்பு வந்துவிடும்.

யோசிக்கத் தெரிந்தவர் முதலில் ஒருமுறை மேலிருந்து கீழே போய், ஒவ்வொரு நாளுக்கும் ‘இதுவரை மொத்தம்’ எழுதி வைத்துவிடுவார். பிறகு எந்தக் கேள்வி வந்தாலும், கடைசி நாளின் மொத்தத்திலிருந்து முதல் நாளுக்கு முந்தைய மொத்தத்தைக் கழித்தால் விடை. ஒரு கேள்விக்கு ஒரு கழித்தல். முழு வேலையும் சில லட்சம் கணக்கில் முடிந்துவிடும். கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது.

பழைய தோட்டத்துக் கிராணிமார் (எழுத்தர்கள்) பேரேட்டில் ‘இன்றுவரை மொத்தம்’ என்று ஒரு பத்தி வைத்திருந்தார்களே, அதே அறிவுதான் இது. இதற்கு மேலே ஏறும் கணக்குகள் மிகக் கடினமாகிக்கொண்டே போகும்; ஆனால் அடிப்படை மாறாது. தெரிந்த உத்திகள் சில நூறு இருக்கும். எந்த உத்தி இங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதும், அதைப் பிழையில்லாமல் விரைவாக எழுதுவதும்தான் ஆட்டம். அதனால்தான் பயிற்சி பலன் தருகிறது. பயிற்சியும் ஓட்டக்காரருடையது போலவே: தன் தரத்தைவிடச் சற்றுக் கடினமானதை எடுப்பது, தோற்ற கணக்கைப் போட்டி முடிந்தபின் உட்கார்ந்து தீர்ப்பது, வாரம் தவறாமல் செய்வது.

பக்கத்தில் ஒருவர் ஓடும்போது

போட்டி நம்மை உண்மையிலேயே வேகப்படுத்துகிறதா? இந்தக் கேள்வியை முதலில் எடுத்தவர்களில் ஒருவர் அமெரிக்க உளவியலாளர் நார்மன் டிரிப்லெட். சைக்கிள் பந்தயப் பதிவுகளைப் பார்த்தபோது, தனியாக ஓட்டுவதைவிடப் பக்கத்தில் இன்னொருவர் ஓட்டும்போது வேகம் கூடுவதைக் கவனித்தார். பிள்ளைகளைத் தூண்டில் சக்கரம் சுற்ற வைத்தும் சோதித்து, 1898-ல் வெளியிட்டார். அதன் பின் வந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. சிலவற்றில் ஆள் பக்கத்தில் இருந்தால் திறமை கூடியது, சிலவற்றில் குறைந்தது.

1965-ல் உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் அந்த முடிச்சை அவிழ்த்தார். நன்றாகப் பழகிய வேலை என்றால் பார்ப்பவர் இருக்கும்போது மேலும் நன்றாக வரும். பழகாத, புதிதாக யோசிக்க வேண்டிய வேலை என்றால் கெட்டுப்போகும். 1969-ல் அவரும் சக ஆய்வாளர்களும் இதைக் கரப்பான்பூச்சிகளை வைத்தே காட்டினார்கள். நேர்ப்பாதையில் ஓடவிட்டால், மற்றப் பூச்சிகள் பார்க்கும்போது வேகம் கூடியது. திருப்பம் உள்ள பாதையில் விட்டால் வேகம் குறைந்தது.

எனக்கு இந்த முழு விவாதத்திலும் மிக முக்கியமாகப் படும் செய்தி இதுதான். போட்டிக் கணக்கு, பயிற்சி பெற்றவருக்கு நேர்ப்பாதை. அங்கே கடிகாரமும் பட்டியலும் அவரைத் தூக்கிவிடும். ஒரு மருத்துவமனைக்கோ வங்கிக்கோ மென்பொருள் வடிவமைப்பது திருப்பங்கள் நிறைந்த பாதை. என்ன கட்ட வேண்டும் என்பதே தொடக்கத்தில் யாருக்கும் முழுதாகத் தெரியாது. அங்கே ஒருவர் தோளுக்குப் பின்னால் நின்று ‘அவன் முடித்துவிட்டான், நீ இன்னுமா’ என்று கேட்டால், வேலை கெடுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

பேர் கேட்காத நடுவர்

தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்கு நிரல் போட்டி ஏன் இனிக்கிறது என்பதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. தீர்ப்பு நிரலுக்கு உங்கள் அப்பா யார், வீட்டு முகவரி என்ன, எந்தப் பள்ளி, பேச்சில் ஆங்கிலம் எவ்வளவு ஓடுகிறது என்று எதுவும் தெரியாது. விடை சரி என்றால் சரி.

ஓடுதளத்தின் கடிகாரமும் அப்படித்தான் இருந்தது. பேராக்கின் தாப்பாவில் பிறந்த எம். ராஜமணி 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வென்றார். அதே போட்டியில் மணி ஜெகதீசன் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வென்றார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை அவர் 20.92 விநாடியில் ஓடியது 2017 வரை தேசியச் சாதனையாக நின்றது. ஜி. சரவணன் 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் பெற்றார். நம் ஊருக்கு அடுத்த சுங்கைப்பட்டாணியின் சிவசங்கரி சுப்பிரமணியம் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் ஸ்குவாஷ் ஒற்றையரில் தங்கம் வாங்கி, 2024-ல் லண்டன் கிளாசிக் பட்டத்தையும் வென்றார். பலவற்றில் கதவு தட்டிக் காத்திருக்க வேண்டிய ஒரு சமூகத்துக்கு, அளவு மட்டுமே பேசும் இடம் என்றால் ஓர் ஆறுதல். அதை நான் சிறிதாக நினைக்கவில்லை.

ஆனால் நடுவர் நேர்மையானவர் என்பதாலேயே பந்தயம் சமமாகிவிடாது. ஸ்குவாஷ் ஆட அரங்கு வேண்டும், பயிற்றுநர் வேண்டும், நம்மைவிடக் கொஞ்சம் மேலான எதிராளி பக்கத்திலேயே வேண்டும். நிரல் போட்டிக்கும் அதே பட்டியல்தான். மடிக்கணினி இல்லாத வீட்டில் கைப்பேசியில் நிரல் தட்டச்சு செய்ய முயலும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பத்து வரிக்கு மேல் அது தண்டனை. இணையம் நடுவில் அறுந்தால் கடிகாரம் நிற்காது. கணக்குகள் ஆங்கிலத்தில் இருக்கும். இந்தக் கடைசித் தடையை ஒலிம்பியாட் ஒரு நல்ல வழியில் தீர்த்திருக்கிறது: போட்டிக்கு முந்தைய இரவு அணித் தலைவர்கள் உட்கார்ந்து கணக்குகளைத் தத்தம் மொழிக்கு மாற்றித் தங்கள் மாணவர்களுக்குத் தரலாம். திறமையை அளக்க வந்த இடத்தில் ஆங்கிலத்தை அளக்கக் கூடாது என்ற தெளிவு அதில் இருக்கிறது. நம் ஊர்களில் பயிற்சி நடத்துபவர்கள் கணக்கைத் தமிழில் சொல்லித் தொடங்கத் தயங்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட வலுவான முன்னுதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தராசு வேலைக்கு வரும்போது

பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு அளவு என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். விடியும் முன்னே பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), வெட்டு, பிறகு வாளியோடு தராசுக்கு முன்னால் வரிசை. எடைக்கு ஏற்பக் கூலி கூடும். அளவு வந்ததும் அதை ஏமாற்றும் வழியும் வந்தது. பாலில் தண்ணீர் கலந்தால் எடை ஏறும். அதனால் எடையோடு, பாலில் ரப்பர் எவ்வளவு இருக்கிறது என்றும் சோதித்தார்கள். ஆழமாக வெட்டினால் அன்றைக்குப் பால் கூடக் கிடைக்கலாம். ஆனால் கத்தி பட்டைக்குள் உள்ள மென்தோலைத் தாண்டி மரத்தைத் தொட்டால் அந்த இடம் காயமாகிப் புடைத்துவிடும். புதுப்பட்டை சரியாக வளராது. பல ஆண்டு வெட்ட வேண்டிய மரம் வீணாகும். அதற்காக வெட்டுக் காயத்தைப் பார்க்கவே ஆள் வைத்தார்கள். கூலியை நிர்ணயிக்கும் அளவு தனியாக நிற்க முடியாது, அதைச் சுற்றிக் காவல் அளவுகள் முளைத்துக்கொண்டே இருக்கும் என்பது தோட்டத்தில் நூறு வருடத்துக்கு முன்பே தெரிந்த உண்மை.

மென்பொருள் நிறுவனங்கள் அதையே புதிதாகக் கற்றன. 1982-ல் ஆப்பிளின் லிசா கணினிக் குழுவில், வாரத்துக்கு எத்தனை வரி எழுதினீர்கள் என்று ஒவ்வொருவரும் படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள். அந்த வாரம் பில் அட்கின்சன் தன் நிரலின் ஒரு பகுதியை மாற்றி எழுதி, அதைப் பல மடங்கு வேகமாக்கியிருந்தார். அதில் ஏறக்குறைய 2,000 வரி குறைந்திருந்தது. படிவத்தில் ‘-2000’ என்று எழுதிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் அவரிடம் படிவம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். வரியை எண்ணினால் வரி பெருகும். பிழை திருத்தியதை எண்ணினால் திருத்தப் பிழைகள் பெருகும். அவசரமாக எழுதிய நிரல் இன்றைய பட்டியலில் உயர்வு தரும். அதன் காயம் இரண்டு ஆண்டு கழித்து வேறு ஒருவர் தலையில் விடியும்.

இன்னும் மோசமானது, ஆள்களையே வரிசைப்படுத்துவது. மைக்ரோசாஃப்ட் பல ஆண்டு ஒவ்வொரு குழுவிலும் இத்தனை பேர் மேல், இத்தனை பேர் நடு, இத்தனை பேர் கீழ் என்று முன்கூட்டியே விகிதம் வைத்து மதிப்பிட்டது. குழுவில் எல்லாரும் நன்றாகச் செய்தாலும் யாராவது கீழே போக வேண்டும். பக்கத்து மேசைக்காரருக்கு உதவினால் நம் இடம் போய்விடும் என்ற பயம் வந்துவிட்டால், அங்கே குழு என்பது பெயருக்குத்தான். 2013 நவம்பரில் அந்த நிறுவனம் அந்த முறையைக் கைவிட்டது.

விளையாட்டில் எதிரணி எதிரே நிற்கும். இங்கே எதிரணியைக் கொண்டுவந்து சொந்த அணிக்குள் உட்கார வைத்தார்கள். அதோடு விசில் ஊதி முடியும் ஆட்டமும் இல்லை இது. 90 நிமிடம் முடிந்ததும் கைகுலுக்கிவிட்டுத் தேநீர் குடிக்கப் போக முடிந்தால்தான் தோல்வியைத் தாங்கிக்கொள்ள முடியும். ஆண்டு முழுக்க ஓடும் பந்தயத்தில் தோற்றவருக்கு ஓய்வு இல்லை, ஜெயித்தவருக்கும் இல்லை.

சிலர் மற்றவர்களைவிடப் பத்து மடங்கு வேலை செய்வார்கள் என்று சொல்லும் ‘பத்து மடங்கு நிரலாளர்’ பேச்சுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். அதற்கு வேராகச் சொல்லப்படுவது 1968-ல் சாக்மன், எரிக்சன், கிராண்ட் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு. அனுபவமுள்ள 12 நிரலாளர்களில் பிழை திருத்த எடுத்த நேரத்தில் மிக வேகமானவருக்கும் மிக மெதுவானவருக்கும் 28 மடங்கு வித்தியாசம் இருந்தது. ஆனால் அந்த ஆய்வு நடத்தப்பட்டதே வேறு காரணத்துக்கு: கணினியோடு நேரடியாக வேலை செய்வதையும், நிரலைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதையும் ஒப்பிட. இரண்டு வகையையும் ஒன்றாகக் கலந்து எடுத்த எண் அது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு என்பதில் சந்தேகமில்லை, ஆனால் 12 பேரை வைத்து ஒரு தொழிலுக்கே வீரபுராணம் எழுதியது அதிகம்.

இதைவிட எனக்குப் பயனுள்ளதாகத் தெரிவது டாம் டிமார்கோவும் திமத்தி லிஸ்டரும் 1984 முதல் 1986 வரை நடத்திய நிரல் போட்டிகள். 92 நிறுவனங்களிலிருந்து 600-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். நிறுவனத்துக்கு இருவர் என்ற கணக்கில், அவரவர் மேசையிலேயே, ஒரே வேலையைச் செய்ய வேண்டும். நல்லவர்களுக்கும் பின்தங்கியவர்களுக்கும் பெரிய இடைவெளி இருந்தது. ஆனால் அனுபவ ஆண்டுகளோ, எழுதிய கணினி மொழியோ, வாங்கிய சம்பளமோ அந்த இடைவெளியை அவ்வளவாக விளக்கவில்லை. ஒரே நிறுவனத்திலிருந்து வந்த இருவர் ஏறக்குறைய ஒரே தரத்தில் செய்தார்கள். முன்னால் வந்தவர்களின் வேலையிடங்கள் அமைதியாகவும் இடவசதியோடும் இருந்தன. அவர்களை அடிக்கடி யாரும் எழுப்பவில்லை. தனிமனிதர்களை அளக்கப் போன போட்டி, அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தை அளந்து காட்டியது.

“ஜெயிச்சா வேல கெடைக்குமா?”

“அண்ணே, இதுல பர்ப்பிள் வந்தா வேல கெடைக்குமா?” படிவம் நான்கு படிக்கும் ஒரு தம்பி கேட்டது. நேர்மையான கேள்வி, அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும்.

பெரிய நிறுவனங்களின் நேர்முகத் தேர்வில் போட்டிக் கணக்கைப் போன்ற கேள்விகள் வருகின்றன. அந்த வாசலைத் தாண்டப் பயிற்சி உதவும். உள்ளே போன பிறகு? கூகுளின் பீட்டர் நார்விக் 2015-ல் ஓர் உரையில், நிரல் போட்டியில் வென்றிருப்பது அங்கே வேலையில் நன்றாகச் செய்வதோடு எதிர்மறையாகத் தொடர்புபட்டிருந்தது என்றார். இதை எடுத்துக்கொண்டு ‘போட்டிக்காரர்கள் வேலைக்கு ஆகமாட்டார்கள்’ என்று சொல்கிறவர்கள் அவசரப்படுகிறார்கள். வேலைக்கு எடுக்கப்பட்டவர்களை மட்டும் வைத்துப் பார்த்த தொடர்பு அது. போட்டித் திறமையால் தேர்வில் அதிக மதிப்பெண் வாங்கியவர் மற்றவற்றில் கொஞ்சம் குறைவாக இருந்தும் உள்ளே வந்திருக்கலாம். போட்டிப் பக்கமே போகாதவர் மற்ற எல்லாவற்றிலும் சிறந்தவராக இருந்தால்தான் உள்ளே வந்திருப்பார். வாசலில் நடந்த வடிகட்டலே இப்படி ஒரு தொடர்பை உண்டாக்கிவிடும். உயரத்துக்காகவே கூடைப்பந்து அணியில் சேர்க்கப்பட்டவர்களை வைத்து, உயரமானவர்களுக்குப் பந்து எறியத் தெரியாது என்று முடிவுகட்ட முடியாதல்லவா.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது: தரப்புள்ளி வேலை வாங்கித் தராது. கணக்கைக் கண்டு பயப்படாத மனம் வரும். தன் நிரல் எங்கே உடையும் என்று தானே தேடிப் பார்க்கும் பழக்கம் வரும். அடுத்தவர் எழுதிய நிரலை வாசிப்பது, பயனாளர் என்ன கேட்கிறார் என்று காது கொடுப்பது, ஐந்து ஆண்டு நிற்கிற மாதிரி எழுதுவது, இவையெல்லாம் ஐந்து மணி நேர ஆட்டத்தில் வராது. அவற்றுக்கு வேறு பயிற்சி வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு இயந்திரம் வந்துவிட்டதே, இனி இந்தப் போட்டி எதற்கு என்றும் கேட்கிறார்கள். 2025 செப்டம்பரில் பாகு நகரில் நடந்த ஐசிபிசி இறுதிச்சுற்றின் 12 கணக்குகளையும் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் அமைப்பு தீர்த்தது. மனித அணிகளில் முதலில் வந்த செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அரசுப் பல்கலைக்கழகம் 11 தீர்த்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு தோக்கியோவில் அட்கோடர் என்ற போட்டித் தளம் நடத்திய பத்து மணி நேரப் போட்டியில், அதே நிறுவனத்தின் அமைப்பை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி வென்றவர் போலந்து நாட்டு நிரலாளர் ஒருவர். இனி இயந்திரமே முந்தும் என்று வைத்துக்கொண்டாலும் எனக்குக் கவலையில்லை. 1997-ல் டீப் ப்ளூ என்ற கணினி சதுரங்க வீரர் காஸ்பரோவை வென்ற பிறகும் சதுரங்கம் சாகவில்லை. மனிதர்கள் விதிக்குள் நின்று மோதுவதைத்தான் விளையாட்டு என்கிறோம். கவலைப்பட வேண்டியது இணையப் போட்டிகளில் இயந்திரத்தின் விடையைத் தன் விடையாக அனுப்புகிறவர்களைப் பற்றி. கோட்ஃபோர்சஸ் 2024-ல் இதற்குக் கட்டுப்பாட்டு விதி கொண்டுவந்தது. வீட்டுக்குள் உட்கார்ந்து ஆடும் ஆட்டத்தில் விதியைக் காப்பது கடினம். ஒரே அறையில், ஒருவர் கண் முன்னே ஆடுவதற்கு மதிப்பு கூடும்.

ஊருக்கு ஏற்ற ஆட்டம்

அந்த ஓர் அறை நம்மிடம் இருக்கிறது. ஹார்வார்ட் தோட்டத்தின் மூன்று பிரிவுகளின் பெயரிலும் தமிழ்ப்பள்ளிகள் உள்ள ஊர் பீடோங். செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா ஒரு மணி நேரத்துக்குள். படித்துவிட்டு அங்கே வேலை பார்க்கும் அண்ணன்மார், அக்காமார் இருக்கிறார்கள். இல்லாதது, இவர்களை ஒரு சனிக்கிழமை ஓரிடத்தில் சேர்க்கும் ஏற்பாடு. தோட்டங்களுக்கு இடையே காற்பந்துக் கிண்ணம் நடத்திப் பழகிய நமக்கு அது புதிய வேலை இல்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு நிரல் எழுதவே வேண்டாம். 2004-ல் லித்துவேனியாவில் தொடங்கிய பெப்ராஸ் என்ற போட்டி, படங்களும் புதிர்களும் வழியாகக் கணினிச் சிந்தனையைச் சோதிக்கிறது. ஆறாம் ஆண்டு மாணவர்கள் காகிதத்திலேயே அப்படிப்பட்ட புதிர்களைச் செய்யலாம், தமிழிலேயே செய்யலாம்.

இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐசிபிசி விதியே நம் நிலைமைக்குப் பொருந்துகிறது. ஆளுக்கொரு கணினி இல்லையே என்று ஏங்க வேண்டாம். உலகப் போட்டியே மூன்று பேருக்கு ஒரு கணினி என்றுதான் நடக்கிறது. ஒன்பது பிள்ளைகளுக்கு மூன்று மடிக்கணினி போதும். கைப்பேசிகளை ஒரு கூடையில் போட்டுவிட வேண்டும். நள்ளிரவுப் போட்டியும் தேவையில்லை: ஜப்பானின் அட்கோடர் தளம் தொடக்கநிலைப் போட்டியைப் பெரும்பாலும் சனிக்கிழமை அவர்கள் நேரம் இரவு 9 மணிக்கு நடத்துகிறது. நமக்கு அப்போது இரவு 8. நூறு நிமிடத்தில் முடிந்துவிடும். தளத்தில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கு என்பதால், மூவர் சேர்ந்து ஆடுவதானால் நேரலையில் சேராமல், முடிந்துபோன பழைய போட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு நம் கடிகாரத்தை வைத்து ஆட வேண்டும். மாலை 4 மணிக்குத் தொடங்கினால் 5.40-க்கு முடியும். அதன் பிறகு ஒரு மணி நேரம், யாராலும் தீர்க்க முடியாத கணக்கை வெள்ளைப் பலகையில் எல்லாருமாகச் சேர்ந்து தீர்க்கலாம். பயிற்றுநர் அந்த ஒரு கணக்கை மட்டும் முந்தைய இரவே தீர்த்து வைத்துக்கொண்டு வந்தால் போதும்.